எட்டாம் வகுப்பு முழுவதும் எழுதிய தேர்வு

இன்று காலை பள்ளி அலுவலகத்தில் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளின் வாசம் பட்டதும், சமயநல்லூரில் உன் ஜெராக்ஸ் கடைக்குள் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு உறைவிடப் பள்ளியில் நான் கணித ஆசிரியை ஆனேன். அந்தத் தேர்வுக்கு உன் கடையிலிருந்து பிள்ளைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவள் நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாய்.

"ஏன்டி, நாலு வருசமா நானும் விண்ணப்பம் போடுறேன். எங்க காலனிப் புள்ளைக ஒண்ணுகூட விண்ணப்பம் போட வரலையே, ஏன்?"

"தேர்வு எல்லாருக்கும் பொதுதானே? எழுதினா எடுக்கப் போறோம்."

"எழுதுறதுக்கு மொதல்ல தெரியணும்ல? களையெடுக்கப் போற ஆத்தாளுக்கு அத யாருடி சொன்னா?"

எனக்குக் கோபம் வந்தது.

மறுநாளே எங்கள் தலைமையாசிரியர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாய். "விண்ணப்பிக்காதவங்கள நாங்க எங்கம்மா தேடுறது?" என்றார் அவர்.

"தேட வேணாம் சார். எட்டாவது படிக்கிற அம்புட்டுப் பேருக்கும் அவங்கவங்க பள்ளிக்கூடத்துலயே பரீட்சைய வச்சிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். வினாத்தாளை நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பயந்துதான் சொன்னேன். மேலே அனுமதி கிடைக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் உன் உடம்பில் நோய் கண்டிருந்தது.

அந்த முதல் தேர்விலேயே உங்கள் காலனிப் பெண் ஒருத்தி தேறினாள். விடுதிக்கு அனுப்ப முடியாது என்று அவள் அப்பா மறுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து என் போனில் அவரிடம் பேசினாய்.

"பொம்பளப்புள்ளைய வெளிய விட்டுட்டு எப்படித்தா நிம்மதியா இருக்கது?" என்றார்.

"என்னையும் எங்கப்பா அப்படித்தாண்ணே காலேசுக்கு அனுப்புனாரு. கெட்டா போயிட்டேன்?"

எப்போது கொண்டுவந்து விட வேண்டும் என்று கேட்டார் அவர். பிறகு, "சரித்தா, திங்கக்கெழம கூட்டிட்டு வாரேன்" என்றார். போனைக் கொடுத்துவிட்டு நீ காபி கேட்டாய். பாதிதான் குடிக்க முடிந்தது. அதற்குப் பிறகு பத்து நாள்தான் இருந்தாய்.

அவள் இப்போது பிளஸ் ஒன். கரும்பலகையில் நான் ஒரு படியை விட்டால் எழுந்து நின்று சண்டை போடுகிறாள். கீழ் வகுப்புகளிலும் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போன வாரம் பரவை பள்ளிக்குத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். "நல்லாப் படிக்கிறவங்கள மட்டும் உக்கார வச்சிருக்கேன் டீச்சர்," என்றார் வகுப்பாசிரியர். மற்றவர்களையும் அழைத்துவரச் சொன்னேன். மூன்று பேர் பள்ளிக்கே வரவில்லை என்றார். விலாசம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீடுகளுக்கு நானே நடந்தேன். முன்பெல்லாம் தெரியாத வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்கக் கூச்சப்படுவேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு, முதல் வீட்டு வாசலிலேயே சத்தமாகக் கூப்பிட்டேன்.

மூன்று பேரும் வந்து எழுதினார்கள்.