செம்பு வாஷர்

புதன்கிழமை, இரவு

வீரபாண்டி பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் தன் பைக்கோடு இன்றும் பட்டறைக்கு வந்தார். போன வாரம்தான் அதன் எஞ்சின் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட் நான்கையும் மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை நட்டை இறுக்கி அனுப்பியிருக்கிறேன்.

"ஏனுங்கண்ணா, இன்னும் ஆயில் வருதுங்க. பேண்ட்ல கறையோட போனா வெள்ளைத் துணிப் பக்கமே உட மாட்டேங்கறாங்க."

பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். ஒரு நட்டின் அடியில் மட்டும் எண்ணெய் ஊறியது. அந்த ஒரு ஸ்டட் வழியாகத்தான் எண்ணெய் மேலே ஏறும். கசிவை அடைக்கும் செம்பு வாஷரை அதன் நட்டுக்கடியில்தான் போட வேண்டும்; மற்ற மூன்றுக்கும் இரும்பு வாஷர். நான் வேறொன்றில் போட்டிருக்கிறேன். இருபத்தாறு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை.

மாற்றிப் போட்டதும் கசிவு நின்றது. "ஸ்டட் மட்டமான சரக்குங்க" என்று பொய் சொன்னேன்.

"உங்க கை தப்பாதுங்கண்ணா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று வேலம்பாளையத்தில் மகள் வீட்டுச் சந்து பிடிபடவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இனி மறக்கக் கூடாது என்று இந்த டைரியில் நான்கு ஸ்டட் துளைகளை வரைந்திருக்கிறேன். செம்பு வாஷர் எந்தத் துளைக்கென்று குறித்துவைக்க வேண்டும். மதியம் என் கையால்தான் போட்டேன். பேனா நான்கின் மேலும் சுற்றிச் சுற்றி வருகிறது.