ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு

அர்க்காதிக்கு,

நேற்று உன் அம்மாவை பாலே நடனம் பார்க்கக் கூட்டிப் போனேன். அரங்க வாசலில் எல்லாரும் பனி பூட்ஸைக் கழற்றிவிட்டு, பையில் கொண்டுவந்த ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பையில் ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. முகம் சுண்டிப்போனது.

"அர்க்காதிக்குத் தெரிஞ்சா இன்னைக்கே என்னை மூட்டை கட்டி அனுப்பிருவான்டி."

"கட்டட்டும். பழுப்பை இங்க தள்ளு."

அதை நான் போட்டுக்கொண்டு, என் வெள்ளை ஷூவில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். ஜோடி சேராத கால்களோடு இருவரும் கைகோத்து உள்ளே போனோம்.

"மேடையை விட்டுட்டு நம்ம காலைத்தான் பாக்குறாங்க," என்று கடைசிவரை சிரித்தாள்.

நீ அவளுக்காக முதியோர் இல்லத்தில் பிடித்துவைத்த இடத்தை விட்டுவிடு. அவள் கட்டிலை என் வீட்டுக்கு இறக்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வா. சூப் வைக்கிறேன், குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போ.

கீழ்வீட்டு அத்தை