பன்னிரண்டாம் எண் வீட்டில் ஒரு வாரம்

ஜூன் 3

கோடு போட்ட நீச்சலுடையா, கட்டம் போட்டதா என்ற கேள்விக்கு இன்று மாலை முடிவு காணப்பட்டது. கோடு. ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. இரு தரப்பும் விட்டுக்கொடுத்து, ரத்தம் சிந்தாமல் இந்த உடன்பாட்டை எட்டியதைப் பதிவு செய்கிறேன். "நீந்தவே தெரியாத ஆளுக்குக் கோடு என்ன, கட்டம் என்ன?" என்று மனைவி கேட்டது சிறுபான்மைக் கருத்து.

நீச்சலுடைக்குக் காரணம் டைம்ஷேர். ஏரிக்கரையில் ஒரு விடுதி. அதில் பன்னிரண்டாம் எண் வீடு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் இரண்டாவது வாரம் அது எங்களுடையது; மற்ற வாரங்களில் யார் யாருடையதோ. ஒரே கட்டிலில் ஐம்பது குடும்பங்கள் முறை வைத்துப் படுத்து எழுந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே செத்துப்போகும் நாகரிகமான ஏற்பாடு. கிளப்பிடம் புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஒரு அம்மாள் தன் வாரத்தை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் வாங்கியிருக்கிறோம்.

ஜூன் 9

கிளப் அலுவலகத்தில் பெயர் மாற்றம். விற்ற அம்மாள் கடைசி வரை உட்காரவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டார். விவாகரத்தில் அவர் பங்குக்கு வந்த வாரமாம். அவர் இடது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருக்கிறது. எலும்பு உடைந்தபின் பல நாள் மருத்துவரிடம் போகாமல் இருந்திருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுப்பவனின் தொழில் புத்தி. கேட்கவில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த வீட்டுப் பூட்டை மாத்திடுவீங்க இல்ல?"

கிளப் பெண் எங்களுக்கு விளக்கினாள். ஏரிக்கரை சலித்தால் வாரத்தைத் திருப்பிக் கொடுத்துப் புள்ளிகளாக்கிக்கொள்ளலாம். அந்தப் புள்ளிகளைக் கொண்டு கிளப்பின் வேறு எந்த விடுதிக்கும் போகலாம். உள்மாற்று என்று பெயர். ஒரே நிபந்தனை: நம் வீட்டை எடுத்துக்கொண்டவர் வந்து சாவியை வாங்கினால்தான் மாற்று உறுதி. அவர் பின்வாங்கினால் நாம் பழைய வீட்டுக்கே. "அதனால ரெண்டு பேரும் முன்னாடியே போன்ல பேசிப்பாங்க சார். எந்தக் குழாய் ஒழுகும், எந்த ஜன்னல் திறக்காதுன்னு சொல்லிடுவாங்க. எங்க கிளப்புல அது ஒரு மரியாதை."

ஜூன் 17

பதினொரு மணிக்கு ஒருவர் மார்புப் படம் எடுக்க வந்தார். முறைப்படி சீட்டு, முறைப்படி வரிசை. சட்டையைக் கழற்றிப் பலகையில் மார்பை ஒட்டி நின்றார். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். பிடித்தார். படம் எடுத்தேன். மூச்சை விட்டுக்கொண்டே கேட்டார்: "ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் நீதானா?"

அடுத்ததாக நான் பார்த்தது இயந்திரத்தின் இரும்புக் கால், மிக அருகில். என் தலைமுடியைப் பிடித்து இரண்டு முறை அதில் மோதினார்.

"அவ வித்தா வித்ததாயிடுமா? பதினோரு வருஷம் அந்தக் கட்டில்ல படுத்தவன்டா நான். அந்த வாரம் அதுல எவன் படுத்திருந்தாலும் சரி, எந்திரிக்க மாட்டான்."

சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை நிதானமாகப் போட்டுக்கொண்டு போனார். விற்ற அம்மாளின் முன்னாள் கணவர். பாய்லர் பழுது பார்ப்பவராம்.

எனக்கு நெற்றியில் ஐந்து தையல். படம் நன்றாக வந்திருக்கிறது. நுரையீரல் சுத்தம்.

ஜூன் 18

போலீஸில் புகார். எழுதிக்கொண்ட காவலர், புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று விசாரித்தார்.

ஜூன் 26

மச்சினன் போர் தொடுத்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பிரேக் மட்டும் மிதிப்பவன். ஆனாலும் வீட்டில் அவனுக்குக் கமாண்டர் என்று பெயர். "நீங்க படிச்சவரு மாமா, ஒதுங்கிக்குங்க. இதெல்லாம் பேசற விதத்துல பேசணும்" என்று சொல்லிவிட்டு பாய்லர்காரனின் பட்டறைக்குப் போனான்.

இரண்டு மணிக்கு என் மேஜைக்கே வந்து சேர்ந்தான், ஸ்ட்ரெச்சரில். தாடை இரண்டு இடத்தில். விலா மூன்று. வலது கை நடுவிரல் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம். என் கையாலேயே எல்லாவற்றையும் படம் எடுத்தேன். மனைவியின் தம்பியை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்ட மாமன் யாரும் இருக்க முடியாது.

"அவன் கைல ஸ்பேனர் இருந்துச்சு மாமா. இல்லாட்டி..."

இல்லாவிட்டால் என்ன என்பதைத் தாடை சொல்லவிடவில்லை.

ஜூன் 27

பட்டறை பூட்டியிருக்கிறதாம். ஆளைத் தேடுகிறார்களாம். எல்லா வினையும் இறந்தகாலத்துக்கு வரட்டும், பார்க்கலாம்.

ஜூலை 5

எழுத முடியல. மருந்துக் கடை வாசல்ல வண்டிய நிறுத்திட்டு இறங்கினேன். ரெண்டு நிமிஷம்கூட இல்ல. பாப்பா பின் சீட்ல இருந்தா. திரும்பிப் பாக்கறேன் — முன் கண்ணாடி இல்ல. ஸ்பேனர் ஸ்டியரிங்ல குத்தி நிக்குது. அவ அழவே இல்ல. கண்ண இறுக்க மூடிக்கிட்டு உக்காந்திருக்கா. "அப்பா, தொறக்கலாமா?"ன்னு கேட்டா.

பாய்லர்காரன் தெருமுனையைத் திரும்பும்போதுகூட நடந்துதான் போனான். ஓடல.

மனைவி தரையில் செய்தித்தாளை விரித்து, குழந்தையைக் குனியவைத்து, ஒரு மணி நேரம் தலைவாரினாள். சீப்பிலிருந்து கண்ணாடித் தூள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டு வயதுக் குழந்தை. வாரி முடித்ததும் மனைவி தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து சொன்னாள்: "அவன் எம் முன்னாடி வரட்டும். கொதிக்கிற எண்ணெய ஊத்தறேனா இல்லையான்னு பாருங்க." ஊற்றுவாள்.

ஜூலை 8

ஏரிக்கரைக்குப் போகக்கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வீட்டைச் சும்மா பூட்டிப்போட்டுவிடலாம் என்றேன்.

"அப்ப ஒரு வாரம் வீணாப் போயிடுமே?"

எங்கள் வீட்டில் மீந்துபோன குழம்பைக்கூடக் கீழே கொட்டியதில்லை. வாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். புள்ளிகள் வந்தன. மலைமேல் இருக்கும் விடுதியில் அதே தேதிகளுக்கு இரண்டு படுக்கையறை. மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் கிடைப்பது அபூர்வமாம். கிளப் பெண் வாழ்த்தினாள்.

ஜூலை 21

பன்னிரண்டாம் எண் வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டார். அவரே போன் செய்தார். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். மனைவியோடு வருகிறார்.

"வணக்கம் சார்! உங்க வீட்டை எடுத்துக்கிட்டவன் நான்தான். திட்டாதீங்க! வீடு எப்படி சார்? ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?"

நேரடியான கேள்வி. நானோ அந்த வீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. "ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "காலைல வெயில் நேரா கட்டில்ல விழும்."

"அட, அருமை! எம் பொண்டாட்டிக்கு வெயில்னா உயிரு."

ஜூலை 22

சொல்லலாமா? சொன்னால் அவர் வரமாட்டார். யார்தான் வருவார்? அவர் வராவிட்டால் மலை இல்லை.

பாய்லர்காரன் தேடுவது என்னைத்தானே. வேறு முகத்தைப் பார்த்தால் திரும்பிப் போய்விட மாட்டானா? 'எவன் படுத்திருந்தாலும்' என்று சொன்னது உண்மைதான். கோபத்தில் சொன்ன வார்த்தைக்கெல்லாம் உரை எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

மனைவியிடம் கேட்டேன். வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவங்களை அங்க அனுப்பறது கிளப்பு. நாம இல்லீங்க."

கமாண்டரிடமும் கேட்டேன். கம்பி கட்டிய வாய். பலகையில் எழுதிக் காட்டினான்: சொல்லிடுங்க மாமா.

அவனுக்கு வலி மாத்திரையில் கொஞ்சம் மயக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1

தபால்காரரின் போன் எண்ணை அழுத்தினேன். அங்கே எடுத்தார்கள். ஒரு பெண் குரல், பின்னால் வானொலி. வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8

மலை. குளிர். பாப்பா முயல் பார்த்தாள். கமாண்டரும் வந்திருக்கிறான்; உறிஞ்சுகுழலில் சூப்.

மாலை கிளப்பிலிருந்து செய்தி: 'பன்னிரண்டாம் எண் வீட்டுச் சாவி பெற்றுக்கொள்ளப்பட்டது. உங்கள் உள்மாற்று உறுதி.' மனைவி என் தோளில் சாய்ந்தாள். இரண்டு மாதத்தில் முதல் முறை.

ஆகஸ்ட் 9

இரவு உணவின்போது போன். தபால்காரர்.

"சார், ஏமாத்திட்டீங்களே! வெயில் எங்க சார் விழுது? அந்தப் பக்கம் சுவருதான் இருக்கு!" சிரித்தார். நானும் சிரித்தேன். ஏரி அற்புதமாம். மனைவி பாட்டுப் பாடுகிறாராம், முப்பது வருஷத்துக்கு அப்புறம்.

"அப்புறம் சார், சாயங்காலம் ஒருத்தர் வந்தாரு. பாய்லர் பாக்கணுமாம். இந்த வாரம் யாரு தங்கியிருக்கீங்கன்னு கேட்டாரு. நாங்கதான்னேன். ரொம்ப மரியாதையான ஆளு. களைப்பா இருக்கு, காலைல வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். பாய்லர் ஏதாவது தொந்தரவு பண்ணுமா சார்?"

மேஜையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாப்பா தன் தட்டிலிருந்த கேரட்டை என் தட்டில் வைத்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "நல்லாத் தூங்குங்க."

ஆகஸ்ட் 10

பனி. வெளியே எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 11

கிளப் பெண் பேசினாள். நேற்று காலை ஏழு மணிக்கு பாய்லர்காரன் வந்தானாம். தபால்காரரே கதவைத் திறந்து, பாய்லர் இருக்கும் அறையைக் காட்டினாராம். ஸ்பேனரால் தலையில் நான்கு அடி. தடுக்கப் போன அவர் மனைவிக்கு இரண்டு கையும் முறிந்திருக்கிறது. போலீஸ் வந்தபோது அவன் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தானாம்.

தபால்காரர் இன்று அதிகாலை இறந்துவிட்டார். மீதி ஐந்து இரவுகள் வேண்டாம் என்று அவர் குடும்பத்தார் எழுதிக் கொடுத்துவிட்டதால், விதிப்படி அவை எங்கள் கணக்கில் புள்ளிகளாகச் சேர்க்கப்பட்டன.