அப்பாவின் வேலையை வாங்காத மகள்

பேசாமல் இருந்த நாளிலும் என் டிபன் டப்பாவை மறக்காமல் எடுத்து நீட்டிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம். எப்படி என்றுதானே கேட்பீர்கள்? சொல்கிறேன்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற எம்.ஏ. படிப்பில் நான் சேர்ந்த அன்று, "செவத்தைச் சுரண்டவா உன்னைப் பெத்தேன்?" என்று கத்தினீர்கள். ரயில்வே பரீட்சை எழுதச் சொன்னீர்கள், நான் எழுதவில்லை. அதற்கப்புறம் எல்லாமே அம்மா வழியாகத்தான். "அவகிட்ட சொல்லு", "அவளைக் கேளு." அந்தச் சண்டை முடியுமுன்பே யார்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். நியாயமா அப்பா?

காரியம் முடிந்த மறுநாளே சித்தப்பா ஒரு ஃபாரத்தோடு வந்தார். பணியில் இருக்கும்போதே இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு ரயில்வேயில் வேலை உண்டாம். "நித்யா கையெழுத்துப் போடட்டும். அண்ணன் ஆசையும் அதுதானே?"

அதுதான் உங்கள் ஆசை. தெரியாதா எனக்கு? குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவோம் என்ற பயம் வேறு. பேனாவை வாங்கிவிட்டேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஃபாரத்தை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டார். "நான் பத்தாவது பாஸ்."

"இந்த வயசுல நீங்களா அண்ணி? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். வேலைக்கு நான் போறேன். அவ படிப்பை முடிக்கட்டும்."

பல மாதம் அலைந்து வேலையை வாங்கினார். அதனால்தான் குவார்ட்டர்ஸும் நம்மிடமே இருக்கிறது. இப்போது உங்கள் ஆபீஸில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிறார். சின்னவர்களெல்லாம் சொந்தச் சித்தியைக் கூப்பிடுவதுபோல 'மாஷிமா' என்று சுற்றி நிற்கிறார்களாம். ஹிந்தியில் திட்டவும் பழகிவிட்டார்.

நானும் சும்மா இல்லை. பவானிபூரில் ஒரு பழைய வீடு, அதுதான் என் ஆய்வு. நான் வராந்தாவை அளந்துகொண்டிருந்தபோது அதை இடித்து ஃபிளாட் கட்டப் பார்க்கும் புரோமோட்டர் வந்து சிரித்தார். "எதுக்கு தீதி அளக்கறீங்க? துர்கா பூஜைக்கு முன்னாடி இடிச்சிடுவோம்."

"அப்போ பூஜை வரைக்கும் அளக்கறேன்" என்றேன் வங்காளத்தில்.

வீடு தலையில் விழும் என்று வீட்டுக்கார அம்மாளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். என் அளவுகளை அவரிடம் காட்டினேன். சுவர் சாயவில்லை, சுண்ணாம்புப் பூச்சுதான் உதிர்ந்திருக்கிறது. பூஜை வந்து போயிற்று. அவர் இன்னும் வீட்டைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. நாளைக்குச் சம்மதிப்பாரோ என்னவோ. இன்று வீடு நிற்கிறது.

உங்களை நினைத்து அழாத நாளில்லை அப்பா. ஆனால் செத்துப்போனதாலேயே நீங்கள் சொன்னது சரியாகிவிடாது. அழுதுகொண்டேதான் இதையும் சொல்கிறேன்.

படிப்பை முடிப்பேன். முடித்தபின் வேலை கிடைக்காமல் தெருத்தெருவாக அலைந்தாலும், உங்கள் படத்துக்கு முன்னால் நின்று 'தப்புப் பண்ணிட்டேன்' என்று சொல்லமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பிடிவாதத்தை அப்படியே கொண்டு பிறந்த மகள்,
நித்யா