பக்கத்துப் பம்பில் உன் பூட்டு

லேக் சார்ல்ஸ்,
செவ்வாய்க்கிழமை

என் கோபக்காரனே,

உன் தம்பி வீட்டு சோபா முதுகுக்கு ஒத்துக்கொள்கிறதா? சும்மா கேட்டு வைக்கிறேன். உனக்குப் பிடித்த கம்போ சூப் செய்தேன், மிஞ்சிப் போய்விட்டது.

வியாழக்கிழமை பாதுகாப்புத் தேர்வில் உன்னை ஃபெயில் போட்டதை நான் மாற்றப்போவதில்லை. இருபத்திரண்டு வருஷம் ரிஃபைனரியில் மெக்கானிக்காக இருந்தாலும், என் பயிற்சிக் கூடத்தில் நீ பதினோராவது மாணவன்தான். மின்சாரத்தை நிறுத்தி, வேறு யாரும் போட்டுவிடாதபடி ஸ்விட்சில் உன் பூட்டை மாட்டினாய். அப்புறம் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, பம்ப் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டாமா? நேரே ஸ்பேனரை எடுத்துவிட்டாய். நான் தடுத்ததும், "கட்டின பொண்டாட்டியே என்னை ஃபெயில் பண்றா, பாருங்கய்யா!" என்று கத்திவிட்டுப் போனாய். பூட்டு அங்கேயே தொங்குகிறது, அட்டையில் உன் படத்தோடு.

இன்று மேலாளர் ஃபோன்டெனோ பூட்டை வெட்டும் கட்டரோடு வந்து நின்றார்.

"அஞ்சு நாளா ஒரு பம்ப் சும்மா கிடக்கும்மா. வெட்டிடலாம்."

"மாட்டினவன்தான் கழட்டணும். நீங்க போட்ட சட்டம்தானே சார்?"

"அவன் வரலைன்னா?"

"உயிரோடதானே இருக்கான்? வருவான்."

'உயிரோட' என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அது உனக்குத் தெரியாது. நீ போன பிறகு, நீ அழுத்தாத பொத்தானை நான் அழுத்தினேன். நீ ஸ்பேனர் வைக்கப் போன பம்ப் ஓடியது. நீ பூட்டியிருந்தது பக்கத்துப் பம்பின் ஸ்விட்சை.

நாளைக் காலை எட்டு மணிக்குச் சாவியோடு வா. உன் கையாலேயே திற. அந்தக் கை எனக்கு முழுசாக வேண்டும்.

உன்னை ஃபெயில் போட்டவள்