காப்புக் கட்டிய வாரத்துப் பதில்கள்

பென்னாகரம்
9.6.2025

அன்புள்ள பானு,

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் இங்கே மாரியம்மன் திருவிழா. எங்கள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வந்த ஒன்றிரண்டு பெண்களும் "ஒரு குறையும் இல்லைங்க" என்று எழுந்து போனார்கள். காப்பு அவிழ்த்த மறுநாள், அப்படிப் போன பழனியம்மாள் திரும்பி வந்து அழுது தீர்த்துவிட்டாள். அன்றைக்கே கேட்டேனே என்றேன்.

"கையில காப்பு இருக்கறப்ப வூட்டுக் குறைய வாயால சொல்லுவாங்களா மேடம்? ஆத்தாளுக்கு ஆவாதுங்க. இப்பக் கேளுங்க."

அன்று ராத்திரியே நம் பழைய கட்டுரையை எடுத்துப் படித்தேன். ஆறு வருடத்துக்கு முன், அதற்காக இங்கே பக்கத்து இண்டூரில் நீ பெண்களிடம் கேள்வி கேட்டது எந்த வாரம்? திருவிழாவில் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று குஷியாகப் போனாயே. நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தேன். நீ அனுப்பிய பதில்களைக் கணக்குப் போட்டுத் தந்தேன். இந்த மாவட்டத்துப் பெண்களிடம் மனச்சோர்வு மிகக் குறைவு என்று உலகத்துக்கே சொல்லிவிட்டோம்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவோம், பானு.

உன்
அமுதா

சென்னை
20.6.2025

அமுதாக் கண்ணு,

குட்டிப்பயல் சுகமா? உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கட்டுரையை இருநூறு பேருக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என் மற்ற கட்டுரைகளை எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதி தேறாது. அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அவர்கள் முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான்.

சென்னைக்காரி எனக்குக் காப்பு விவகாரம் எப்படித் தெரியும்? உன் ஊர்தானே, நீயல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நேர்காணல் முடியட்டும். புதிதாக ஓர் ஆய்வு செய்து சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். ஹாஸ்டலில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி ஊட்டியவள் கேட்கிறேன். அதுவரை வாயைத் திறக்காதே.

பானு

பென்னாகரம்
28.6.2025

அன்புள்ள பானு,

கஞ்சியை மறக்கவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.

இங்கே இன்னொரு ஆலோசகர் வேண்டும் என்று கேட்டிருந்தோம். இப்பகுதியில் தேவை குறைவு என்று மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள். காரணமாகக் காட்டியிருப்பது நம் கட்டுரையை. என் அறை வாசலில் மதியம் வரை நிற்கும் பெண்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்று பேசாமலே திரும்பிப் போகிறார்கள். பானுவின் நேர்காணல் முடியும்வரை பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்லட்டுமா?

இருநூறு பேரல்ல, இரண்டாயிரம் பேர் எடுத்துக்காட்டினாலும் தப்பு தப்புதான். ஆமாம், என் ஊர்தான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

இன்று காலை இதழாசிரியருக்கு எழுதிவிட்டேன். உன் சம்மதத்தையும் கேட்பார்கள். நீ கையெழுத்துப் போடாவிட்டால் என் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏன் எடுத்தேன் என்று ஊரறியச் சொல்வேன். திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டு.

அமுதா

சென்னை
15.7.2025

அமுதவல்லிக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நேர்காணலுக்குப் போகவில்லை.

நீ செய்தது சரி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இதழாசிரியருக்கு எழுதும் முன் பஸ் ஏறி வந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உன்னோடு சேர்ந்து நானும் எழுதியிருப்பேனா என்று தினமும் யோசிக்கிறேன். எழுதியிருக்க மாட்டேன். அது உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

பானுமதி