கூடையோடு வரும் நாத்தனார்

சித்தி,

இன்று காலை கேட்டிலிருந்து இண்டர்காம் அடித்தபோது நான் முதலில் பார்த்தது, அதன் ஒயரில் சுற்றியிருந்த வாழைநாரைத்தான். ஒயர் தொங்குகிறது என்று நீ கட்டிவைத்தது. காய்ந்து பழுப்பேறிப் போயிருந்தது, முடிச்சு மட்டும் அவிழவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் பட்டுக்கடைக்குப் போய்விட்டார்கள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகும் சாலையில் இருக்கும் இந்த இடத்துக்கு நாம் குடிவந்தபோது உனக்கு ஒரே குஷி. ஒரே மாதிரி வெள்ளை வீடுகள், நடுவில் நீச்சல்குளம். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாய். கார்களெல்லாம் சென்னைக்குப் போன பிறகு மிச்சமிருப்பது நாமும் நாய்களும்தான். "இங்க காக்கா கூட பர்மிஷன் கேட்டுக்கினுதான்மா வருது" என்பாய்.

உனக்கு இருந்த ஒரே குறை பூ. விற்க வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சட்டம். போனில் சொன்னால் பூ டப்பாவில் வரும், குளிர்ந்து விறைத்து. "ஐஸ்ல வச்ச பூவ சாத்துனா சாமிக்கு ஜலதோஷம் புடிக்காதா?" என்று கேட்டாய். மறுநாளே, பழைய தெருவில் நமக்குப் பூ கொடுத்த மாகறல் கிராமத்துத் தனம்மாவின் பெயரை, வருகிறவர்களைப் பதியும் கேட் ஆப்பில் ஏற்றிவிட்டாய். 'விருந்தினர்' என்ற இடத்தை அமுக்கி, உறவு என்ற இடத்தில் நாத்தனார் என்று போட்டாய்.

அவரை அழைத்துவர நாம் இரண்டு பேரும் கேட்டுக்குப் போனோம். செக்யூரிட்டி அண்ணன் கூடையையே பார்த்தார்.

"யாரும்மா இவங்க?"

"எங்க நாத்தனாரு."

"கூடையோட வராங்களே?"

"ஏம்பா, உங்க வீட்ல நாத்தனார் வெறுங்கையோடவா வருவாங்க?"

தனம்மா கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டார். "இன்னா அண்ணி, வெயில்ல நிக்க வச்சே பேசிக்கினு இருக்கீங்க?"

செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

விருந்தினர் என்று சொல்லிவிட்டால் வாசலிலேயே அளந்து வாங்கி அனுப்ப முடியுமா? சோபாவில் உட்காரவைத்து காபி கொடுத்தாய். முதல் நாள் நுனியில் உட்கார்ந்தவர், போகப்போக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் நிஜ நாத்தனாராகவே ஆகிவிட்டார். "சக்கரைக்கு பஞ்சமா அண்ணி? எங்கண்ணன் சம்பாரிக்கறதெல்லாம் எங்க போவுது?" என்று அவர் கேட்க, "உங்கண்ணனையே கேளு, பீரோ சாவி அவருகிட்டதான் இருக்குது" என்று நீ சொல்ல, சித்தப்பா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். தீபாவளிக்கு நாத்தனாருக்கு எடுக்கிற மாதிரியே அவருக்குப் புடவை எடுத்தாய். அதிலும் பார்டர் சின்னதாக இருக்கிறது என்று சண்டை போட்டார்.

சட்டம் போட்ட சங்கச் செயலாளரின் அம்மா ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "உங்க நாத்தனார் வந்தா எனக்கும் ரெண்டு முழம் மல்லி வாங்கி வைங்களேன்" என்றார். அவர் போன பிறகு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இத்தனையிலும் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" சொல்லாமல் கையை மட்டும் தூக்குகிறவள் நான். பத்தாவதோடு நின்றபோது எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நீ மட்டும், "நல்லதா போச்சு, என் பேச்சக் கேக்க வீட்ல ஒரு ஆளு வேணாமா?" என்றாய். இண்டர்காம் அடித்தால் நான் ஓடிவந்து உன்னைக் கூப்பிடுவேன். ஈரக்கையோடு நீ எடுப்பாய்.

நீ போன அன்று கேட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. தனம்மா பெரிய மாலையோடு வந்து, "அண்ணி" என்று அழுதார். சென்னைச் சொந்தக்காரர்கள், இவர் எந்த வழி உறவு என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா யோசிக்காமல், "எங்க நாத்தனார்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஆப் உன் போனில் இருந்தது, அந்த போன் அணைந்து கிடக்கிறது. உன் காரியமெல்லாம் முடிந்து, இனி வீட்டில் பூ வைக்கலாம் என்று கணக்குப் போட்டு, இன்றுதான் பஸ் ஏறி வந்திருக்கிறார். மணி அடித்ததுமே அவராகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மணி நிற்பதற்குள் நாம் எடுக்காவிட்டால் கேட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை திரும்பிப் போனால் மறுபடி வருவாரா? நாரைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கேட்டில் புதிய ஆள் போலிருக்கிறது, குரல் வேறாக இருந்தது.

"தனம்மான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. யாரு இவங்க?"

பழக்கத்தில் உன்னைக் கூப்பிடத் திரும்பினேன். அந்தப் பக்கம் பின்னால், "வெயில்ல நிக்க வச்சே பேசிக்கினு இருக்கீங்களேப்பா" என்ற குரல் கேட்டது.

"எங்க அத்தை" என்றேன்.

"கூடையெல்லாம் வச்சிருக்காங்களேம்மா?"

"எங்க அத்தை வெறுங்கையோட வரமாட்டாங்க. உள்ள அனுப்புங்க."

ரிசீவரை வைத்துவிட்டு அடுப்பில் பாலை ஏற்றினேன். சர்க்கரை டப்பாவை எடுத்து முன்னால் வைத்தேன்.